வெளிச் சத்தம் உள்ளே வராது

என் டமுக்கு,

உன் நீல அட்டை நோட்டில் மீதி இருக்கிற வெள்ளைப் பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கடைசியாக எழுதியது ரேஷன் கார்டில் உன் பேரைச் சேர்க்கச் சொல்லி ஒரு மனு, அதுவும் பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது சொல்லித் தர ஆள் இல்லை, நானாகத்தான் எழுத வேண்டும். நீ செத்துப்போய் ஒன்பது மாசம் ஆகிறது. உன் தங்கச்சி ரூத்துக்கு அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்கு உன் அறை வேண்டும் என்று உங்கள் நைனா சொல்லிவிட்டார். நாளைக்குக் காலையில் உன் சிநேகிதன் கோபி ஒரு குட்டியானை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான். டிரம்ஸ், மைக், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் சர்ச்சில் வாசிக்கிற பிள்ளைகளிடம் கொடுக்கப் போகிறான். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சாமானைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் ஹெட்போன். நான் வாங்கிக் கொடுத்தது.

நான் எழுதுகிறதை ரூத்து பார்த்துவிட்டாள். "எழுதும்மா, நான் டைப் பண்ணி போட்றேன், அண்ணன் மாதிரி ஊட்லயே ரெக்கார்ட் பண்ற புள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். படிக்கட்டும். ஆனால் நான் அவர்களுக்கு எழுதவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்கு டமுக்கு என்று பேர் வைத்தது நான் இல்லை, அப்போது நம் பக்கத்து வீட்டில் இருந்த தெலுங்குக்கார அம்மா. நீ நடக்க ஆரம்பித்த புதுசு. கரண்டி கையில் கிடைத்தால் போதும், குடம், தட்டு, சொம்பு, படுத்திருக்கிற உன் நைனா முதுகு, எதையும் விட மாட்டாய். அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பாள். "இன்னாடி, புள்ளையப் பெத்தியா டமுக்கப் பெத்தியா? பேஜாரு தாங்கல" என்பாள். டமுக்கு என்றால் தண்டோரா போடுகிற மேளம். ஆனால் அவள்தான் உனக்கு உடைந்த மரக்கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தவள். சர்ச்சில் உனக்கு சாமுவேல் என்று பேர் வைத்தோம். வீட்டில் அது நிற்கவே இல்லை. இருபத்து நாலு வயசு ஆம்பிளையை, கம்பெனி பஸ் ஏறப் போகிறவனை, தெருவில் "டேய் டமுக்கு, சோத்து டப்பா" என்று கூப்பிட்டால் உனக்கு வெட்கமாக இருக்கும். "எம்மா, மெதுவா கூப்புடு" என்பாய். இப்போது சத்தமாகக் கூப்பிட்டாலும் ஒன்றும் இல்லை.

நான் செய்த தப்பு எங்கே ஆரம்பித்தது என்று ஒன்பது மாசமாகப் பின்னாலேயே நடந்து நடந்து பார்க்கிறேன். அது ஹெட்போனில் ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்னால், உனக்கு நாலு வயசு இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்போது எனக்கு இந்தக் கம்பெனி கேன்டீன் வேலை இல்லை. ரயில் லைனுக்கு அந்தாண்டை இருக்கிற ரெட்டியார் நிலத்தில் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பாலம் ஏறிச் சுற்றிப் போனால் நேரம் ஆகும், லேட்டாகப் போனால் அரைக் கூலி. அதனால் நாங்கள் பொம்பளைகள் எல்லோரும் வேலிக் கம்பி பிய்ந்த இடத்தில் புகுந்து தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவோம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தாண்டுவேன். நீ கனத்துப்போன பிறகு கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். தாண்டாதே என்று நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, எப்படித் தாண்டுவது என்றுதான் சொல்லித் தந்தேன். அந்த இடத்தில் லைன் வளைகிறது, வேலிக்காத்தான் புதர் மறைக்கும், மார்கழியில் பனி வேறு. கண்ணை நம்பி நிற்க முடியாது. அதனால் "மொதல்ல காதக் குடு, அப்பறம் கண்ணக் குடு, அப்பறந்தான் கால வெக்கணும்" என்று சொல்வேன். நீ குனிந்து தண்டவாளத்தில் காதை வைப்பாய். தூரத்தில் வண்டி வந்தால் அது உனக்கு என்னைவிட முன்னால் தெரிந்துவிடும். "எம்மா, வர்து" என்பாய். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குக் கேட்கும். என் பிள்ளைக்கு என்ன காது என்று நான் நடவு நடுகிற இடத்தில் பெருமை பேசினவள்.

நீ சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தது எல்லோருக்கும் தெரியும். பிறகு சிப்காட்டில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலைக்குப் போய், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு கல்யாணக் கச்சேரி கோஷ்டி கழித்துப் போட்ட பழைய டிரம்ஸை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய். அன்றைக்கு உன் நைனா ஆடிய ஆட்டம் எனக்கு மறக்காது. அத்திப்பட்டு கரன்ட் பிளான்ட்டில் கரி வேலை முடித்துவிட்டு வந்தவர், சட்டைகூட மாற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். "எங்கப்பன் ஊர்ல எவன் செத்தாலும் கூப்ட்ட ஒடனே பறை அடிக்கப் போணும். காய்ச்சல்ல படுத்துக் கெடந்தாலும் போணும். போவலன்னா இன்னா பண்ணுவானுங்கன்னு நான் கண்ணால பாத்துருக்கேன். அத்தோட போவட்டும்னுதான் அந்த ஊர உட்டே வந்தேன். நீ மறுபடியும் குச்சியத் தூக்கினு வர்றியா?" என்றார். நீ சத்தம் போடவில்லை. "நைனா, தாத்தாவ கூப்ட்டானுங்க, அதனால அடிச்சாரு. என்னை எவனும் கூப்புடல. நானா அடிக்கிறேன்" என்றாய். அவர் குளிக்கப் போய்விட்டார். பத்து நாள் உன்னோடு பேச்சு இல்லை. பதினோராம் நாள், கரி ஓடுகிற பெல்ட்டில் கிழித்துப் போட்ட ரப்பர் துண்டு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து உன் அறையில் போட்டார். "அந்தப் பெரிய டிரம்மு வழுக்கினு போவுது, தரை கீறுது. இத்தைக் கீழப் போடு" என்றார். அவர் உன் வாசிப்பைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அந்த ரப்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு அதையும் ஏற்றிவிடவா என்று கேட்டேன். "அது என்னுது" என்றார்.

பிறகுதான் உனக்கு ரெக்கார்ட் பண்ணுகிற ஆசை வந்தது. ஸ்டுடியோவுக்குப் போனால் மணிக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள், வீட்டிலேயே பண்ணலாம், யோசித்து வாங்கினால் கட்டுப்படியாகும் என்றாய். ஒரு மாசம் முழுக்க இந்த நோட்டில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாய். எனக்கு ஒன்றும் புரியாது என்று விட்டுவிடாமல், நான் கீரை ஆய்கிறபோது எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சொல்வாய். எட்டு மைக் உள்ள செட் வேண்டாம், கையில் இருக்கிற டப்புக்கு எட்டும் சுமாராகத்தான் இருக்கும், நாலு மைக் நல்லதாக வாங்கினால் போதும் என்றாய். காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்கு ஒன்று, நடுவில் இருக்கிற ஸ்நேர் என்கிற சின்ன டிரம்முக்கு ஒன்று, தலைக்கு மேலே ரெண்டு. அந்த ரெண்டும்தான் பித்தளைத் தட்டு, மற்ற டிரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும் என்றாய். மைக்கிலிருந்து வருகிற ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகாது, நடுவில் ஒரு பெட்டி வேண்டும், அதில் ரெண்டு ஓட்டை உள்ளது விலை குறைச்சல், ஆனால் நாலு மைக்குக்கு நாலு ஓட்டை வேண்டும், இதில் மட்டும் கஞ்சம் பிடித்தால் நாளைக்கு மறுபடி வாங்க வேண்டி வரும் என்றாய். கம்ப்யூட்டர் மட்டும் புதுசு வேண்டாம், ஆபீசில் கழித்துப் போட்டது போதும், உள்ளே மெமரி கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்றாய். ரெக்கார்ட் பண்ணுகிற புரோகிராம் சும்மாவே கிடைக்கிறது என்றாய். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "இன்னா புரிஞ்சிது சொல்லு பாப்போம்" என்று நீ மடக்கினாய். "நாலு காது வாங்கப் போற. ஒரு பொட்டி வாங்கப் போற. கம்ப்யூட்டரு மட்டும் கந்தல்" என்றேன். நீ சிரித்தாய் பார், கீரைக்கட்டு மேலேயே விழுந்துவிட்டாய்.

உனக்கு உதவுகிறேன் என்று நான் செய்த கூத்தும் உண்டு. சத்தம் வெளியே போகாமல் இருக்க முட்டை அட்டை ஒட்டுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, கேன்டீனில் மிஞ்சுகிற முட்டை அட்டையை எல்லாம் சேர்த்துக் கட்டி, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ரெண்டு மாசம் கொண்டுவந்தேன். பஸ்ஸில் எல்லோரும் "இன்னாக்கா, கோழிப் பண்ணை வெக்கிறியா?" என்று கேட்பார்கள். கடைசியில் நீ தலையைச் சொறிந்துகொண்டு, "எம்மா, அட்டையால ஒண்ணும் ஆவாதும்மா, கனமான துணிதான் சத்தத்தக் குடிக்கும்" என்றாய். அட்டையைத் தூக்கிப் போட்டாயா என்றால் அதுவும் இல்லை. நான் தூக்கிக்கொண்டு வந்தேன் என்பதற்காக ஒரு சுவர் முழுக்க ஒட்டினாய். மற்ற மூன்று சுவரில் என் பழைய சேலைகளை மடித்து மடித்துத் தொங்கவிட்டோம், மூலையில் உன் மெத்தையை நிறுத்தினோம். தலைக்கு மேலே வைக்கிற ரெண்டு மைக்குக்கும் ஸ்டாண்டு வாங்க அந்த மாசம் கையில் இல்லை. தொட்டில் கட்டின கொக்கியில் கம்பு ஒன்றைக் கட்டி அதில் தொங்கவிட்டாய். அந்த ரெண்டும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு விரல் தள்ளிப்போனாலும் சத்தம் குழம்பும் என்று சொல்லி, ரூத்து ஜாக்கெட் தைக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். ஸ்நேர் நடுவில் நான் டேப்பின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். நீ ஸ்டூல் மேல் ஏறி அளப்பாய். "புடிச்சிக்கினியா?" "புடிச்சிக்கினேண்டா." "அசையாத." "நான் எங்க அசையறேன், நீதான் ஸ்டூல ஆட்ற." ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே பேச்சு. என் விரலில் இன்னும் அந்த டேப் முனையின் தகரம் குத்துகிறது.

ரெண்டு இடத்தில்தான் தகராறு. ஒன்று, ரயில். நம் வீட்டுக்கும் லைனுக்கும் நடுவில் நாலு வீடுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, பக்கத்து வீட்டு மிக்ஸியெல்லாம் ஓய்ந்த பிறகு மத்தியானத்தில் நீ ரெக்கார்ட் பண்ண உட்காருவாய். நன்றாக வந்துகொண்டிருக்கும்போது ஒரு எக்ஸ்பிரஸ் போகும். எல்லாம் போச்சு என்று குச்சியைப் போடுவாய். அதற்கு ஒரு வழி பண்ணினோம். நான் பின்வாசலில் நின்று லைன் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பது. வண்டி வருகிற சத்தம் தூரத்தில் கேட்டதும், உன் அறைக் கதவோரம் இருக்கிற சுவிட்சை ரெண்டு தரம் அணைத்துப் போடுவது. நீ டியூப்லைட் மினுக்குவதைப் பார்த்து நிறுத்திக்கொள்வாய். வண்டி போன பிறகு ஒரு தரம் மினுக்குவேன், மறுபடி ஆரம்பிப்பாய். உனக்கு நாலு வயசில் நீ எனக்குச் சொன்னதை இருபத்து நாலு வயசில் நான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வண்டியைக்கூட நான் தவறவிட்டதில்லை, டமுக்கு. சரக்கு வண்டியை, இன்ஜின் மட்டும் தனியாகப் போவதை, எதையும் விட்டதில்லை. நீயே சொல்லியிருக்கிறாய்.

இன்னொன்று, காது. கம்ப்யூட்டரிலிருந்து டக் டக் என்று ஒரு தாளம் வருமாம், அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடித்தால்தான் வேகம் பிசகாதாம். உன்னிடம் இருந்தது தெருவில் வாங்கின சின்ன இயர்போன். அடிக்கிற அடியில் டக் டக் காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவாய். கூட்டினால் அது வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் இரும்பு அடிக்கிற சத்தத்தில் நின்றுவிட்டு வந்து இதையும் கூட்டி வைத்துக் கேட்டால் காது என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. "காதுக்குள்ள கொய்யுனு இருக்குதும்மா" என்று நீயே ரெண்டு தரம் சொன்னாய். நோட்டில் கடைசி வரியாக எழுதி, கீழே ரெண்டு கோடு போட்டிருந்தாய்: காதை முழுசாக மூடுகிற ஹெட்போன், கட்டாயம் வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம். ரூத்து படித்துக் காட்டினாள். அடுத்த வருஷம் வரைக்கும் எதற்கு, இதை நான் வாங்கித் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் உன் டிரம்ஸுக்கு நான் கொடுத்தது முட்டை அட்டையும் கிழிந்த சேலையும்தான். ஒரு உருப்படியான சாமான் நான் கொடுத்ததாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் நான் செய்தது.

கேன்டீன் லீவு நாளில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ஸ்பீக்கர் கடைகள் இருக்கிற தெருவை விசாரித்துக்கொண்டு போனேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாக்கா, மிக்ஸி ரிப்பேரா? அது அடுத்த தெரு" என்றான். "காதுல மாட்றது வேணும். முழுசா மூடுறது. எம்புள்ள டிரம்ஸ் அடிச்சு ரெக்கார்ட் பண்றான்" என்றேன். அவன் முகமே மாறிவிட்டது. "அட்ரா சக்கை. அப்ப உக்காருக்கா" என்று ஸ்டூல் போட்டான். ரெண்டு எடுத்து வைத்தான். "இது தொறந்த மாடல். காத்து வரும், காது புழுங்காது, வெளிய நடக்கிறதும் கேக்கும். இது மூடுன மாடல். இத்தை மாட்டிக்கினா வெளிச் சத்தம் உள்ள வராது. பின்னாடி பஸ்ஸு நின்னு ஆரன் அடிச்சாலும் தெரியாது, பாத்துக்க" என்றான். "அப்ப இதான்" என்றேன். "போட்டுப் பாருக்கா" என்று அவனே என் தலையில் மாட்டினான். அந்தத் தெருச் சத்தம், கடைக்குக் கடை பாட்டு, ஆட்டோ, எல்லாம் சட்டென்று அடங்கிவிட்டது. அவன் வாய் மட்டும் அசைகிறது. கேன்டீனில் பாத்திரம் உருட்டுகிற சத்தத்திலேயே என் காலம் போகிறது, எனக்கு அந்த அமைதி அவ்வளவு பிடித்துவிட்டது. இதை என் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தைதான் பேசினேன். அவனும் ஒரு வார்த்தையில் குறைத்தான்.

அதை மாட்டிக்கொண்டு நீ முதல் முதலாக வாசித்த ஞாயிற்றுக்கிழமை, நாஷ்டா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாய். நான் அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய் ஒரு வெங்காயத்தை எடுத்து உன் முதுகில் எறிந்தேன். திடுக்கிட்டுத் திரும்பினாய். "எம்மா! சூப்பரா கீது! நீ கத்தினதே கேக்கல" என்றாய். எவ்வளவு சந்தோஷம் உனக்கு. எனக்கும்தான்.

ரெக்கார்ட் பண்ணியதை நாலு இடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும், வீட்டில் கேட்க வேண்டும், ரோட்டில் கேட்க வேண்டும், பஸ்ஸில் கேட்க வேண்டும், எங்கே கேட்டாலும் நன்றாக இருந்தால்தான் சரி என்று நீ சொல்வாய். அதனால் போனில் ஏற்றிக்கொண்டு அந்த ஹெட்போனோடு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாய். ஒரு நாள் நான் லீவில் வீட்டில் இருந்தேன், நீ தெருவில் போவதை வாசலில் நின்று பார்த்தேன். ரெண்டு காதும் மூடியிருந்தது. எதிர் வீட்டு அம்மா, "இன்னாக்கா, உம்புள்ள ஏரோப்ளேன் ஓட்றவன் கணக்கா போறான்?" என்றாள். நான் "டேய், அத்தைக் கழட்டு" என்று ஓடிவந்திருக்க வேண்டும். நீ எந்த வழியாக லைனைத் தாண்டுவாய் என்று எனக்குத் தெரியாதா? வேலி பிய்ந்த இடத்தில், நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போன அதே இடத்தில்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் வாங்கிக் குடுத்தது" என்றேன். பெருமையாகச் சொன்னேன். உனக்கு அது தெரியாது, அதனால் இப்போது சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் கேன்டீனில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு லோக்கல் போனதாம். அது போகட்டும் என்று நின்று, போன உடனே நீ காலை வைத்தாயாம். அடுத்த லைனில் வந்த எக்ஸ்பிரஸ்ஸை லோக்கல் மறைத்துவிட்டதாம். எல்லாம் பிறர் சொல்லக் கேட்டதுதான். கம்பெனி பஸ்ஸுக்காக உனக்கு முன்னால் தாண்டிப் போய் அந்தாண்டை நின்ற கோபி கத்தியிருக்கிறான். நீ திரும்பவில்லை.

கோபியிடம் எத்தனை தரம் கேட்டுவிட்டேன். "கோபி, அது அவன் காதுல இருந்திச்சா, கழுத்துல இருந்திச்சா?" "கழுத்துலதாம்மா." "நீ பாத்தியா?" "பாத்தேம்மா. கழுத்துலதான் தொங்கிக்கினு இருந்திச்சு. அந்த லோக்கல் சத்தத்துல யாருக்குமே கேட்டிருக்காது, எனக்கே கேக்கல." "நீ அந்தாண்ட நின்ன. லோக்கலு போற வரைக்கும் நடுவுல மறைச்சிருக்குமேடா, அப்பறம் அந்த ஒரு நொடில பாத்துட்டியா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே மறுபடியும், "கழுத்துலதாம்மா" என்றான். நல்ல பிள்ளை. எனக்காகச் சொல்கிறான் என்று தோன்றுகிறது. நிஜமாகவே பார்த்திருந்தால், பாவம், அவனை நான் நம்பாமல் வதைக்கிறேன். வேலியோரம் வேர்க்கடலை விற்கிற கிழவியிடம் போய்க் கேட்டேன். "எங்கம்மா கவனிச்சேன், தலைய ஆட்டிக்கினே போச்சு புள்ள" என்றாள். பாட்டுக் கேட்டால்தான் ஆட்டுவாய் என்றும் சொல்ல முடியாது. சோறு தின்னும்போதும் ஆட்டுகிறவன் நீ.

ரயில்வே போலீஸ்காரர் உன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். போன் நொறுங்கிப்போயிருந்தது. ஹெட்போனில் ஒரு கீறல்கூட இல்லை. ஒயரை அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. நீ எப்போதும் அப்படித்தான் சுற்றுவாய், ஒயரை மடக்கினால் உள்ளே அறுந்துவிடும் என்று வட்டமாகச் சுற்றுவாய். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒயர் சுற்றியிருந்தால் போனில் மாட்டவில்லை, மாட்டவில்லை என்றால் காதில் இருந்திருக்காது. அவரிடம் ஓடிப்போய், "சார், இந்த ஒயரு கெடச்சப்பவே சுத்திதான் இருந்துதா, நீங்க சுத்துனீங்களா?" என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். "ஞாபகம் இல்லம்மா. பையில போடறப்ப நாங்களும் சுத்துவோம்" என்றார். அவர்மேல் தப்பு இல்லை. அவர் ஒரு நாளைக்கு எத்தனை பை கட்டுகிறாரோ.

உன் நைனா, "காதுல இருந்தா இன்னா, கழுத்துல இருந்தா இன்னா, வந்துடுவானா?" என்கிறார். சரிதான். ஆனால் பெல்ட் ரப்பர் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. சேலை கொடுத்ததற்கு, அட்டை கொடுத்ததற்கு எனக்கும் ஒன்றும் இல்லை. இந்த ஒரு சாமானுக்குத்தான் நான் யாரிடமாவது பதில் கேட்க வேண்டியிருக்கிறது. பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணினார். ரூத்து, "எங்களுக்கு ஒண்ணும் தோணலம்மா, உனக்குத்தான் தோணுது" என்கிறாள். தோணுகிறதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதைப் படிக்கிற பிள்ளைகளே, என் பிள்ளை நோட்டில் எழுதினதெல்லாம் சரிதான். நாலு மைக் போதும். பெட்டியில் கஞ்சம் பண்ணாதீர்கள். முட்டை அட்டை வேண்டாம், உங்கள் அம்மாவிடம் பழைய சேலை கேளுங்கள். ஹெட்போன் மூடினதுதான் வேண்டும், அவன் சொன்னது தப்பில்லை, கடைக்காரனும் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை ரெக்கார்ட் பண்ணுகிற அறையிலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டு வெளியே போங்கள். எனக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

டமுக்கு, நாளைக்குக் கோபி வந்து "ஹெட்போன் எங்கம்மா?" என்று கேட்பான். கொடுத்தால் இன்னொருத்தி பிள்ளை மாட்டிக்கொள்வான். உடைக்கலாம் என்று அம்மிக்கல்லை எடுத்தேன், கை வரவில்லை, அதில் உன் முடி ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் உன் அறையில் உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். கடையில் இருந்த அதே அமைதி. கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, எக்ஸ்பிரஸ் போகிறது என்று காலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. என்னை அறியாமல் எழுந்து ஓடிப்போய் சுவிட்சை ரெண்டு தரம் அணைத்துப் போட்டேன். யாரும் குச்சியை நிறுத்தவில்லை. டிரம்ஸ் முன்னால் உன் ஸ்டூல் காலியாக இருந்தது. எத்தனை வண்டிக்கு உனக்கு விளக்கு மினுக்கினேன். அந்த ஒரு வண்டிக்கு மினுக்க அங்கே சுவிட்ச் இல்லை, நானும் இல்லை.

திட்ட மாட்டேன். அழவும் மாட்டேன். நான் தாங்கிக்கொள்வேன், எதுவாக இருந்தாலும் சொல். அன்றைக்கு அது உன் கழுத்தில் இருந்ததா, காதில் இருந்ததா?